சகுபாய் இருந்த வீட்டுக்கு வந்த ரமாபாய்



மறுதாரமாக ஒரு வீட்டுக்குப் போகும் பெண்ணைப் பற்றி எழுத வேண்டும் என்று நெடுநாளாக நினைத்திருந்தேன். மும்பையில் தாராவியோ மாட்டுங்காவோ செம்பூரோ, எங்கே இருந்தாலும் நமக்கெல்லாம் அப்படி ஒருத்தியையாவது தெரியும். மூத்தாள் நோயிலோ பிரசவத்திலோ போய்விடுவாள். வருஷம் திரும்புவதற்குள் ஊரில் பெண் பார்த்துக் கட்டிக் கூட்டிவந்துவிடுவார்கள். இந்தியும் மராத்தியும் தெரியாத பெண். கோலிக்குள், அந்த ஒற்றை அறை வீட்டுக்குள், கால் வைத்தால் எதிர்ச் சுவரில் மாலை போட்ட படமும் அதன் கீழே சின்னச் சிவப்பு பல்பும். அடுக்கில் இருக்கும் எவர்சில்வர் குடத்திலும் தூக்கிலும் தட்டிலும் இன்னொருத்தியின் பெயர் வெட்டியிருக்கும். அது அவள் அம்மா வீட்டுச் சீர். பெரிய வீடாக இருந்தால் இதையெல்லாம் ஓர் அறையில் வைத்துக் கதவைச் சாத்தலாம். பத்துக்குப் பத்தில் எந்தக் கதவைச் சாத்துவது? புதுப்பெண் அந்தப் படத்துக்குக் கீழேதான் பாய் விரிக்க வேண்டும், அந்தப் பாத்திரத்தில்தான் சோறு வடிக்க வேண்டும்.

பக்கத்து வீட்டு அம்மா நல்ல மனசோடுதான் சொல்வார்: "அவ இருந்தா இந்நேரம் வீடு எப்படி இருக்கும் தெரியுமா?" கேட்டுக்கொண்டு நிற்பவளுக்கு இருபத்திரண்டு வயது.

இந்த ஊரின் வரலாற்றில் இப்படி வந்த மணப்பெண் ஒருவரை நமக்கு நன்றாகத் தெரியும். தன் கதையைத் தானே எழுதிவைத்தவர் அவர், ரமாபாய் ரானடே. ஜீ மராத்தியில் 2012-ல் ஓடிய 'உஞ்ச் மாஜா ஜோக்கா' தொடரைப் பார்த்தவர்களுக்கு அந்தச் சின்னப் பெண்ணின் முகம் நினைவிருக்கும்.

மகாதேவ் கோவிந்த் ரானடேயைப் பள்ளிப் பாடத்தில் படித்திருப்போம். நீதிபதி, பொருளாதார அறிஞர், சீர்திருத்தக்காரர். 1887 டிசம்பரில் சென்னையில் காங்கிரஸ் கூடியபோது, அதையொட்டித் தேசிய சமூக மாநாடு முதன்முதலாக அங்கே கூடியதற்கு முன்னின்றவர்களில் ஒருவர். விதவைகள் மறுமணம் செய்துகொள்ள வேண்டும் என்று ஊர் ஊராகப் பேசியவர். அவருடைய முதல் மனைவி சகுபாய். சிறுவயதிலேயே நடந்த கல்யாணம். ஏறத்தாழ இருபது ஆண்டு உடனிருந்தவர். 1873-ல் சகுபாய் காலமானார். ரானடேக்கு அப்போது வயது 31. இனியாவது ஒரு விதவையை மணந்து சொன்னதைச் செய்துகாட்டுவார் என்று நண்பர்கள் எதிர்பார்த்தார்கள். அதே பயம்தான் அவருடைய தந்தைக்கும். மகன் அப்படி ஏதாவது செய்துவிடுமுன் பெண் பார்த்து முடித்துவிட்டார். அந்த வருஷம் முடிவதற்குள் வீட்டுக்கு வந்த புதுப்பெண்ணுக்கு வயது 11.

இதை மழுப்பிச் சொல்ல எனக்கு விருப்பமில்லை. மேடையில் ஒன்று சொல்லி வீட்டில் இன்னொன்று செய்தார் என்று அன்றைக்கே ரானடேயைப் பழித்தார்கள். அந்தப் பழி நியாயமானது. தந்தையின் பேச்சைத் தட்ட முடியவில்லை என்பது காரணமாகலாம், நியாயமாகாது. இதில் கஷ்டம் முழுவதும் யார் தலையில் விழுந்தது என்று பாருங்கள். தந்தைக்கு மனநிம்மதி கிடைத்தது. மகனுக்குக் கெட்ட பெயர் வந்தது. ஆனால் துக்கம் ஆறாத ஒரு வீட்டுக்குள், விவரம் தெரியாமல், அப்பா அம்மாவை விட்டுப் போய் நின்றது அந்தக் குழந்தைதான். பிறந்த வீட்டில் அவளுக்கு எழுத்துகூடச் சொல்லித்தந்ததில்லை.

பிறகு நடந்ததை ரமாபாய் 1910-ல் மராத்தியில் வெளியிட்ட நினைவுக் குறிப்புகளில் சொல்கிறார். ரானடே அவளிடம் படிக்கத் தெரியுமா என்று விசாரித்தார். தெரியாது என்றதும் பலகையும் குச்சியும் வாங்கிவந்து தாமே எழுத்துச் சொல்லிக்கொடுக்கத் தொடங்கினார். கோர்ட் வேலை முடிந்துவந்து இரவில் பாடம். முதலில் மராத்தி, பின்னால் ஆங்கிலம். புனேயில் இருந்த அந்த வீட்டில் வயதில் மூத்த பெண்கள் பலர். அவர்களுக்கு இது கொஞ்சமும் பிடிக்கவில்லை. பெண் புத்தகத்தைத் தொட்டால் குடும்பம் கெடும் என்று நம்பிய காலம். பகலெல்லாம் ஏச்சும் குத்தலும். இரவில் பாடம். கணவரிடம் போய்ப் புகார் சொல்வதில்லை என்று அந்தச் சிறுமி தனக்குத்தானே ஒரு கட்டுப்பாடு வைத்துக்கொண்டாள்.

படிக்கப் படிக்க எனக்குத் தோன்றியது இதுதான். மூத்தாள் செய்த எதையும் இந்தப் பெண் திரும்பச் செய்யவேண்டியிருக்கவில்லை. சகுபாய் சமைத்த மாதிரி சமை, அவள் மாதிரி நட என்று அவளைப் பழக்கவில்லை ரானடே. பலகையும் குச்சியுமாக அவளுக்கென்று ஒரு வேலையைத் தந்தார். அந்த வேலைக்கு முந்தியவளின் அளவுகோல் எதுவும் இல்லை. கல்யாணத்தில் அவர் செய்த தவறு இதனால் சரியாகிவிடாது. ஆனாலும் மறுதாரமாக வந்தவளுக்கு ஒரு கணவன் செய்யக்கூடியவற்றில் இது பெரிது.

ரமாபாய் அதை எங்கே கொண்டுபோனார் என்பதும் தெரிய வேண்டும். 1893-ல் ரானடே பம்பாய் உயர் நீதிமன்ற நீதிபதியானபோது குடும்பம் இங்கே வந்தது. 1901 ஜனவரியில் அவர் இறந்தார். ரமாபாய்க்கு நாற்பது வயதுகூட நிறையவில்லை. துக்கம் காத்து வெளியே வந்த பிறகு எரவாடா சிறையில் பெண் கைதிகளைப் போய்ப் பார்த்துப் பேசினார். 1908-ல் சீர்திருத்தக்காரர்களான மலபாரியும் தயாராம் கிதுமலும் பம்பாயில் சேவா சதனைத் தொடங்கியபோது அதற்குத் தலைவரானார். மறுவருஷம் புனேயிலும் ஒரு சேவா சதன் எழுந்தது. கணவனை இழந்தவர்களும் கைவிடப்பட்டவர்களும் அங்கே வந்து படித்தார்கள், நர்ஸ் வேலை கற்றார்கள், தையல் கற்றார்கள். 1924-ல் இறக்கும்வரை அதுவே அவருக்கு வீடு.

ரமாபாயின் நினைவுக் குறிப்புகள் 1938-ல் ஆங்கிலத்தில் வந்தபோது வைத்த தலைப்பு 'ஹிம்செல்ஃப்'. கணவரைக் குறிக்கும் சொல். எழுதியவர் மனைவி, பெயர் கணவருடையது. அதே 1938-ல்தான் இங்கிலாந்தில் டாஃப்னி டு மாரியே எழுதிய 'ரெபெக்கா' நாவலும் வெளிவந்தது. இறந்துபோன முதல் மனைவியின் பெயர்தான் நாவலுக்கு. கதை சொல்லும் இரண்டாம் மனைவிக்குக் கடைசிவரை பெயரே இல்லை. நம் பம்பாயில் அதை 1964-ல் 'கோஹ்ரா' என்று இந்திப் படமாக எடுத்தார்கள். அந்தப் புதுமனைவியாக நடித்த வஹீதா ரஹ்மான் நம் செங்கல்பட்டில் பிறந்தவர். இருட்டு மாளிகையும் அலைகிற திரைச்சீலையும் அந்தக் கதைக்கு வேண்டும். நம் வீடுகளில் அவை எதுவும் தேவைப்படுவதில்லை. பக்கத்து வீட்டம்மா சொல்லும் ஒரு வாக்கியம் போதும்.

சகுபாயைப் பற்றியும் நினைக்கத்தான் வேண்டும். இந்தக் கதையில் எல்லோருக்கும் ஏதோ ஒரு பிற்காலம் கிடைத்தது. அவருக்கு மட்டும் இல்லை. இருபது ஆண்டு ஒரு வீட்டில் வாழ்ந்தவர், ரானடேயின் வரலாற்றில் 'முதல் மனைவி' என்று ஒரு வரியில் முடிந்துபோகிறார். மறுதாரமாக வந்தவள்மேல் மூத்தாளின் நிழல் விழுகிறது என்று சொல்லும்போது, நிழலுக்குச் சொந்தக்காரியாக நாம் சொல்லும் பெண்தான் எல்லோரையும்விட அதிகம் இழந்தவள். அவள் யாரையும் துன்புறுத்தவில்லை. அவளை வைத்துத் துன்புறுத்துவது உயிரோடிருக்கும் நாம்தான்.

மறுமணத்தை வேறு விதமாகச் செய்துகாட்டிய ஒருவரும் இதே வட்டாரத்தில் இருந்தார். சர்ச்கேட் பக்கம் போகும்போது மகரிஷி கர்வே ரோடு என்ற பலகையைப் பார்க்கிறோமே, அந்த தோண்டோ கேசவ் கர்வே. 1891-ல் முதல் மனைவி ராதாபாயை இழந்தார். மகன் ரகுநாத்துக்கு ஒன்பது வயது. மறுமணம் என்றால் விதவையைத்தான் மணப்பேன் என்று சொல்லி, 1893-ல் அப்படியே கோதுபாயை மணந்தார். கோதுபாய் எட்டு வயதில் கல்யாணமாகிச் சில மாதங்களிலேயே கணவனை இழந்தவர்; பண்டித ரமாபாய் (இவர் வேறு ரமாபாய்) 1889-ல் பம்பாயில் தொடங்கிய சாரதா சதனில் சேர்ந்த முதல் விதவை மாணவி. அந்த வீட்டில் கணவனுக்கும் இழப்பு, மனைவிக்கும் இழப்பு. இருவருக்கும் பின்னால் ஒவ்வொருவர் நின்றார்கள். சொந்த ஊரான முருட்டில் அவர்களை ஜாதி விலக்குச் செய்தார்கள். ஆனந்திபாய் என்று பெயர் மாறிய அவரை 'பாயா' கர்வே என்று எல்லோரும் அழைத்தார்கள். 1896-ல் கர்வே தொடங்கிய விதவைகள் இல்லத்துக்காகப் பாயா வீடு வீடாகப் போய் நன்கொடை கேட்டார். ராதாபாயின் மகன் ரகுநாத் வளர்ந்து, இந்தியாவில் குடும்பக் கட்டுப்பாட்டைப் பற்றி வெளிப்படையாகப் பேசிய முன்னோடிகளில் ஒருவரானார். 1916-ல் கர்வே தொடங்கிய பெண்கள் பல்கலைக்கழகம்தான் இன்றைய எஸ்.என்.டி.டி. அதோடு இணைந்த கல்லூரிகள் மாட்டுங்காவில் இருக்கின்றன. நம் வீட்டுப் பெண்கள் எத்தனையோ பேர் அங்கே படித்திருக்கிறார்கள்.

போனவளை நினைக்கத் தமிழர்களான நம்மிடம் வழக்கம் ஒன்றும் இல்லையா என்றால், இருக்கிறது. சுமங்கலியாகப் போனவளை நம் வீடுகள் மறப்பதில்லை. மாட்டுங்காவிலும் செம்பூரிலும் கல்யாணத்துக்கு முன்னால் சுமங்கலிப் பிரார்த்தனை செய்வார்கள். போனவளுக்கென்று இலை போட்டுப் புடவை வைத்து, அழைத்த சுமங்கலிகளுக்குச் சாப்பாடு போடுவார்கள். வட தமிழ்நாட்டுக் குடும்பங்களில் அவளே பூவாடைக்காரி. புதுப்புடவையும் பூவும் வைத்துப் படையல் போடுவார்கள். இரண்டிலும் வேலை செய்வது பெரும்பாலும் வீட்டுக்கு வந்த மருமகள்தான், மறுதாரமாக வந்திருந்தாலும்கூட. "அக்காவுக்கு" என்று சொல்லியே செய்வாள். எனக்கு இந்த வழக்கம் பிடிக்கும். போனவளுக்கு அவளுக்குரிய நாளில் அவளுக்குரிய இலை. அன்றைக்குப் பெயரைச் சொல்லி அழலாம், பேசலாம். மற்ற நாட்களில் அடுப்படி உயிரோடிருப்பவளுடையதாக இருக்கட்டும்.

கஷ்டமானது வேறொன்று. அக்கா போன இடத்துக்குத் தங்கையை அனுப்புவது. "குழந்தைக்கு வேறெவளோ வருவதற்கு நீயே போ" என்பார்கள். அந்தப் பெண் தன் துக்கத்தை எங்கே வைப்பாள்? அவளுக்குப் போனது கூடப்பிறந்தவள். மாலை போட்ட படத்தைப் பார்த்து அவளும்தான் அழ வேண்டும். ஆனால் அவள் அழுதால், இந்த வாழ்க்கை பிடிக்கவில்லை என்று அர்த்தம் எடுத்துக்கொள்வார்கள். அழாவிட்டால் அதற்கும் ஒரு பேச்சு. பெற்றவர்களை நான் கேட்டுக்கொள்வது, அவளிடம் ஒருமுறை தனியாக, குழந்தை பக்கத்தில் இல்லாத நேரத்தில், சம்மதமா என்று கேளுங்கள். வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள். குழந்தையை வளர்க்கப் பாட்டியும் தாத்தாவும் மாமாவும் இருக்கிறார்கள்.

நடைமுறை விஷயங்களும் சிலவற்றைச் சொல்லிவிடுகிறேன். நிழல் பாதி காகிதத்திலும் நகையிலும்தான் இருக்கிறது. மூத்தாளின் நகையை எடுத்துப் புதுப்பெண் கழுத்தில் போட்டு அழகு பார்க்காதீர்கள். உயில் இல்லாமல் இறந்த இந்துப் பெண்ணின் சொத்தில், 1956-ஆம் ஆண்டு வாரிசுரிமைச் சட்டப்படி, அவள் பிள்ளைகளுக்கும் கணவருக்கும் பங்கு உண்டு. பிள்ளைகளுக்கு உள்ளதைக் கணக்குப் பார்த்து லாக்கரில் வைத்துவிடுங்கள். நாளைக்கு மகள் வளர்ந்து, அம்மாவின் வளையல் சித்தி கையில் என்று நினைக்க இடம் வேண்டாம். புதியவளுக்கு ஒரு கிராமானாலும் அவளுக்கென்று வாங்குங்கள். கல்யாணத்தைப் பதிவு செய்யுங்கள். மூத்தாளின் இறப்புச் சான்றிதழ் அதற்கு வேண்டியிருக்கும். ரேஷன் கார்டிலும் பேங்கிலும் புதியவள் பெயரைச் சேர்த்துவிடுங்கள். தாராவியில் மறுசீரமைப்புக்கான கணக்கெடுப்பு 2024-ல் தொடங்கியது. குடிசை மாற்று வீடு கணவன் மனைவி இருவருக்கும் பொதுவானது. பழைய காகிதத்தில் இறந்தவரின் பெயர் மட்டும் இருந்தால், உயிரோடிருப்பவள் வாசலில் நிற்க நேரும். கணவர் காலமானால் மூத்தாளின் பிள்ளைகள், இவள் பிள்ளைகள், இவள், கணவரின் தாய் எல்லோருமே முதல் வகுப்பு வாரிசுகள். இதைப் பிள்ளைகளுக்கும் தெரியும்படி சொல்லிவைத்தால் பாதிச் சந்தேகம் போய்விடும்.

படத்தைக் கழற்ற வேண்டுமா என்று கேட்பவர்கள் உண்டு. வேண்டாம், அது பிள்ளைகளின் அம்மா. ஆனால் படுக்கும் இடத்துக்கு எதிரே வேண்டாம். சாமி படங்களுக்குப் பக்கத்தில் இருக்கட்டும். எங்கே மாட்டலாம் என்று புதியவளையே கேளுங்கள். முக்கியமாக, மூத்தாள் எப்படிப்பட்டவள், எதற்குச் சிரிப்பாள், எந்தப் பிள்ளைக்கு என்ன பாட்டுப் பாடினாள், எப்படிப் போனாள் என்று கணவர் தாமே ஒருநாள் உட்கார்ந்து சொல்ல வேண்டும். மாமியாரிடமும் பக்கத்து வீட்டிலும் துண்டு துண்டாகக் கேட்டுச் சேர்த்துப் புதியவளே ஒருத்தியைக் கற்பனை செய்துகொண்டால், அந்தக் கற்பனைப் பெண்ணோடு யாராலும் போட்டி போட முடியாது.

மறுதாரமாக வந்து இந்த ஊரில் வாழும் வாசகிகள் உங்கள் அனுபவத்தை எழுதி அனுப்புங்கள். உங்கள் பெயரைப் போட வேண்டாம் என்றால் போட மாட்டோம். அக்காவின் பெயரைப் போட வேண்டும் என்று விரும்பினால், குடும்பத்தாரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டு எழுதுங்கள், கட்டாயம் போடுவோம். சித்தியிடம் வளர்ந்து இன்று பெரியவர்களாகிவிட்ட பிள்ளைகளும் எழுதலாம். உங்கள் கடிதங்களுக்காக அடுத்த இதழில் இரண்டு பக்கம் ஒதுக்கி வைத்திருக்கிறேன்; போதாவிட்டால் இந்தப் பக்கத்தையும் தந்துவிடுகிறேன்.

அன்புடன்,
ஆசிரியர்