வெண்தூள் முதிர்ச்சியின் முத்திரை அல்ல

வெள்ளையாகப் பூத்தால் முதிர்ச்சி, பச்சையாகப் பூத்தால் பூஞ்சை. விலையுயர்ந்த சுருட்டுகளைப் பெட்டியில் அடுக்கி ஆண்டுக்கணக்கில் வைத்திருப்போர் நடுவே இந்த வாசகம் வேதவாக்காகப் புழங்குகிறது. ஹவானாச் சுருட்டோ, நிக்கராகுவாச் சுருட்டோ, மேல் இலையில் மெல்லிய வெண்தூள் படிந்துவிட்டால் அதற்கு ‘ப்ளூம்’ என்று பெயர் சூட்டிவிடுகிறார்கள். இலைக்குள் இருக்கும் எண்ணெய் காலப்போக்கில் கசிந்து மேலே வந்து படிகமாகிறதாம். அது நன்றாகப் பராமரித்த சுருட்டுக்கு இயற்கை வழங்கும் நற்சான்றாம். கடைக்காரர் சொல்கிறார், வாங்கியவர் நம்புகிறார், அவர் அடுத்தவருக்குச் சொல்கிறார். கெட்டுப்போகத் தொடங்கிய சரக்கை உயர்ந்த சரக்கு என்று விற்க இதைவிட வசதியான கதை வேறில்லை. சுருட்டு உடலுக்குக் கேடு என்பதில் ஐயமில்லை. பூஞ்சை இல்லாத சுருட்டும் கேடுதான். ஆனால் ஒரு பொருள் தீங்கானது என்பதால் அதைப் பற்றிப் பொய் சொல்லலாம் என்று ஆகிவிடாது. அந்த வெண்தூள் பூஞ்சை என்பதே என் வாதம்.

முதலில் எண்ணெய்க் கதையை எடுத்துக்கொள்வோம், மற்றவையெல்லாம் இதன் மேல்தான் நிற்கின்றன. புகையிலை இலையின் மேற்பரப்பில் மெழுகு உண்டு, உண்மைதான். அந்த மெழுகில் முக்கியமானவை நீண்ட சங்கிலி ஹைட்ரோகார்பன்கள். அவற்றுள் ஒன்றான ஹென்ட்ரையாகான்டேன் உருக ஏறத்தாழ 68 டிகிரி செல்சியஸ் வெப்பம் வேண்டும். 21 டிகிரியில் வைத்திருக்கும் பெட்டிக்குள் அது திடமாகவே கிடக்கும். இலையின் உள்ளிருந்து ஊர்ந்து மேலே வர அதற்கு வழியில்லை. சரி, அறை வெப்பத்திலேயே திரவமாக இருக்கும் எண்ணெய்கள் கசிகின்றன என்று வைத்துக்கொள்வோம். அப்படிக் கசிந்தால் இலை பளபளக்கும், தொட்டால் விரலில் பிசுபிசுக்கும். அதே வெப்பத்தில் அது மறுபடி எப்படி உலர்ந்த வெண்தூளாகும்? திடமாக இருப்பது நகராது, திரவமாக இருப்பது அதே சூட்டில் தூளாகாது. இந்த இரண்டுக்கும் நடுவே ப்ளூம் கதைக்காரர்கள் எந்தப் பொருளைக் காட்டுகிறார்கள் என்று கேட்டால் பதில் வருவதில்லை.

சாக்லேட் மேல் வெள்ளை படர்கிறதே, அது கொழுப்புதானே என்று கேட்பார்கள். ஆமாம். ஆனால் சாக்லேட்டில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு கோக்கோ வெண்ணெய். அது 34 டிகிரியை ஒட்டியே உருகிவிடும். வெயிலில் இளகி, நிழலில் மறுபடி உறையும்போது மேற்பரப்பில் வெள்ளையாகப் படிகிறது. புகையிலையில் அந்த அளவு கொழுப்பும் இல்லை, அந்த வெப்பத்தில் உருகி உறையும் கொழுப்பும் இல்லை. சாக்லேட்டில் இன்னொரு வகை வெள்ளையும் உண்டு: ஈரம் பட்டுச் சர்க்கரை கரைந்து, காயும்போது படிகமாவது. அந்த வழியும் இங்கே அடைபட்டதுதான். சுருட்டுப் புகையிலையை வாரக்கணக்கில் கொட்டகையில் காற்றாடத் தொங்கவிட்டு உலர்த்துகிறார்கள். அந்தக் காலத்திலேயே இலையின் சர்க்கரை பெரும்பாலும் தீர்ந்துவிடுகிறது. பிறகு அம்பாரமாகக் குவித்துப் புளிக்க வைக்கும்போது மீந்ததும் போய்விடுகிறது. படிகமாவதற்குச் சரக்கே இல்லாத இலையில் படிகம் எங்கிருந்து வரும்?

வேதியியல் வேண்டாம் என்பவர்கள் பெட்டியைத் திறந்து கண்ணால் பார்க்கட்டும். எண்ணெய் இலையிலிருந்து வருகிறது என்றால் இலை முழுவதும் ஒரே சீராக வர வேண்டும். ஆனால் அந்த வெள்ளை புள்ளி புள்ளியாகத் தொடங்குகிறது. நரம்போரத்திலும், ஒரு சுருட்டு இன்னொன்றைத் தொடும் இடுக்கிலும், காற்று அசையாத மூலையிலும் முதலில் தெரிகிறது. இதைவிட வலுவான சாட்சி ஒன்று உண்டு. சுருட்டின் இடுப்பில் சுற்றிய காகிதப் பட்டையிலும் அந்த வெள்ளை ஏறுகிறது. பெட்டியின் உட்புறத்தில் பதித்த மரப்பலகையிலும் படர்கிறது. காகிதத்துக்குள் புகையிலை எண்ணெய் இல்லை, பலகைக்குள்ளும் இல்லை. இலையிலிருந்து கசிந்த எண்ணெய் காகிதத்தின் மேல் எப்படிப் பூத்தது, பலகையில் எப்படி வட்ட வட்டமாக வளர்ந்தது?  ஒரு புள்ளியில் தொடங்கி விளிம்பு விரிந்து வட்டமாகப் பெருகுவது பூஞ்சையின் வழக்கம், படிகத்தின் வழக்கம் அல்ல.

இன்னும் ஒரு கேள்வி மிஞ்சுகிறது, எனக்கு இதுதான் தீர்ப்பு. எண்ணெய் கசியத் தண்ணீர் எதற்கு? முதிர்ச்சியால் வருவது என்றால், பெட்டியின் ஈரப்பதம் 60 ஆனாலும் 75 ஆனாலும் காலம் போகப் போக வந்தே தீர வேண்டும். உலர்ந்த பெட்டியில் இலையின் நீர் குறைவு. அங்கே எண்ணெய் செறிந்து இன்னும் அதிகமாகவே பூக்க வேண்டும். நடப்பது நேர்மாறு. ஈரம் ஏறிய பெட்டியில் வெள்ளை எழுகிறது. ஈரத்தை இறக்கினால் பரவுவது நின்றுவிடுகிறது. ஈரத்தின் சொற்படி வருவதும் நிற்பதும் பூஞ்சைதான். பல ஆண்டுகள் வைத்த சுருட்டில்தானே இது தெரிகிறது, ஆகவே முதிர்ச்சிதானே என்ற வாதமும் இங்கேயே விழுந்துவிடுகிறது. அதிக நாள் ஈரத்தில் கிடந்ததற்கு அதிக வாய்ப்பு, அவ்வளவுதான்.

அடுத்தது நிறம். வெள்ளை நல்லது, பச்சை கெட்டது என்ற பிரிவினை பூஞ்சையின் வாழ்க்கையை அறியாதவர்கள் செய்தது. அஸ்பெர்ஜில்லஸ், பெனிசிலியம் போன்ற பூஞ்சைகளின் இழைகள் முளைக்கும்போது வெள்ளையாகவே இருக்கும். பச்சை, நீலம், மஞ்சள், சாம்பல் எல்லாம் அவை முற்றி வித்து விடும்போது அந்த வித்துகள் தரும் நிறம். நான்கு நாள் கிடந்த ரொட்டியில் முதலில் வெள்ளைப் பொட்டும் பிறகு அதன் நடுவே பச்சையும் எழுவதை எந்த வீட்டுச் சமையலறையிலும் காணலாம். ஆகவே வெள்ளை என்பது இளம் பூஞ்சை, பச்சை என்பது முற்றிய பூஞ்சை. இரண்டுக்கும் நடுவே இருப்பது சில நாள் இடைவெளியும் கொஞ்சம் ஈரமும்தான். வெள்ளையைப் பார்த்து மகிழ்ந்து பெட்டியை மூடுபவர் பச்சைக்கு நாள் குறித்துவிட்டு மூடுகிறார்.

துடைத்தால் போய்விடுகிறது, கறை இல்லை, ஆகவே பூஞ்சை இல்லை என்பார்கள். மேற்பரப்பில் புதிதாகப் படர்ந்த எந்தப் பூஞ்சையும் தூரிகைக்கு வந்துவிடும். கறை வேர்விட்ட பிறகு வருவது. ஐயம் உள்ளவர்கள் ஒட்டும் செல்லோடேப்பால் அந்தத் தூளை மெல்லத் தொட்டு எடுத்து, பள்ளிக்கூட ஆய்வகத்து நுண்ணோக்கியில் 100 மடங்கில் பார்க்கலாம். படிகம் என்றால் நேர் விளிம்பும் கூர்முனையும் தெரியும். பூஞ்சை என்றால் கிளைத்த நூலிழைகளும் உருண்டை வித்துகளும் தெரியும். எளிய சோதனை. வெண்தூளுக்குக் கூடுதல் விலை கேட்பவர்கள் அதன் படிகத்தை நுண்ணோக்கியில் காட்டிவிட்டுக் கேட்கட்டும்.

இந்தக் கதை ஏன் இத்தனை காலம் பிழைத்திருக்கிறது? அது இன்னொரு தவற்றை மூடி வைக்கிறது. சுருட்டை 70 டிகிரி ஃபாரன்ஹீட், அதாவது 21 டிகிரி செல்சியஸ் வெப்பத்திலும் 70 சதவீத ஈரப்பதத்திலும் வைக்க வேண்டும் என்பது எங்கும் சொல்லப்படும் விதி. இரண்டும் 70 என்பதால் மனத்தில் பதிந்துவிட்டது. ஆனால் பெரும்பாலான பூஞ்சைகளுக்கு 80 சதவீதத்துக்கு மேல் ஈரப்பதம் வேண்டும் என்றாலும், அஸ்பெர்ஜில்லஸ் பேரினத்தில் வறட்சி தாங்கும் இனங்கள் 70-ஐத் தாண்டியதுமே மெல்ல வளரத் தொடங்கிவிடும். நெல், கோதுமைக் கிடங்குகளைக் கெடுப்பவை இவைதாம். அதனால்தான் தானியத்தை நெடுநாள் வைக்க 65 சதவீதத்தைப் பாதுகாப்பான எல்லையாகக் கொள்கிறார்கள். கிடங்கில் கோதுமைக்குத் தரும் கவனத்தைக்கூட இந்த 70 விதி சுருட்டுக்குத் தரவில்லை. பூஞ்சை எழும் வாசற்படியிலேயே கொண்டுபோய் நிறுத்திவிட்டு, எழுந்தால் முதிர்ச்சி என்று பெயர் வைக்கிறது.

வாசற்படியில் நிற்பவர் ஓர் அடி தவறினால் உள்ளே விழுவார். அந்த ஓர் அடி எவ்வளவு எளிது என்று பாருங்கள். பெட்டியில் பதித்து வரும் முள் வைத்த ஹைக்ரோமீட்டர்கள் ஐந்து சதவீதம் கூடக் குறையக் காட்டுவது சாதாரணம். அது 70 என்று காட்டும்போது உள்ளே 75 இருக்கலாம். இன்னொன்று வெப்பம். 25 டிகிரியில் 70 சதவீத ஈரப்பதம் உள்ள காற்று, 22 டிகிரியில் இருக்கும் ஒரு பலகையைத் தொட்டால் அந்த இடத்தில் அதன் ஈரப்பதம் ஏறத்தாழ 84 ஆகிவிடும். நீர் கூடவில்லை, காற்று குளிர்ந்தது, அவ்வளவே. இரவில் ஏசியும் பகலில் வெக்கையுமாக இருக்கும் சென்னை வீட்டு அறையில், குளிர்ந்த சுவரை ஒட்டி வைத்த பெட்டிக்கு இது நடக்கிறது. ஐப்பசி, கார்த்திகை மழையில் வெளிக்காற்றே 80 சதவீதத்தை எட்டும் ஊரில், பெட்டிக்குள் இன்னும் ஈரம் ஊட்டச் சொல்லும் விதியைக் கண்ணை மூடிக்கொண்டு பின்பற்றுவது தவறு. திருச்சி உறையூர்ச் சுருட்டு 19ஆம் நூற்றாண்டிலேயே இங்கிலாந்து வரை போன சரக்கு. அப்படிப்பட்ட வழி வந்த நாட்டில், குளிர்தேசத்து அறைக்கு எழுதிய விதியை அப்படியே இறக்குமதி செய்ய வேண்டியதில்லை.

65-க்கு இறக்கினால் இலை காய்ந்து வெடித்துவிடும் என்ற பயம் காட்டுவார்கள். 65 சதவீதத்தில் இலை வளையும், உடையாது. மேல் இலை கிழிவது பெரும்பாலும் ஈரத்தை ஏற்றி இறக்குவதால். ஈரம் மிகுந்த உள் இலை உப்பி, மெல்லிய மேல் இலையைப் பிளப்பதும் உண்டு. பெட்டிக்குள் பதிக்கும் ஸ்பானிஷ் சீடார் மரம் பூஞ்சையைத் தடுக்கும் என்பது அடுத்த நம்பிக்கை. நம் வேம்பின் குடும்பத்தைச் சேர்ந்த அந்த மரம் நல்ல மணம் தரும். ஆனால் ஈரம் ஏறினால் அந்தப் பலகையிலேயே பூஞ்சை ஏறும். காய்ச்சி வடித்த நீரை ஊற்றினால் பூஞ்சை வராது என்பதும் அப்படித்தான். வித்துகள் தண்ணீரிலிருந்து வருவதில்லை. வயலிலும் கொட்டகையிலும் இலையோடு வந்தவை. இலையைத் துளைக்கும் புகையிலை வண்டைக் கொல்லத் தொழிற்சாலைகள் சுருட்டை உறைய வைப்பதும் வித்துகளைக் கொல்லாது. வித்து எப்போதும் இருக்கும், ஈரம் தராமல் இருப்பது மட்டுமே நம் கையில் உள்ளது.

கடைசிப் புகலிடம்: பூஞ்சையாகவே இருக்கட்டும், துடைத்துவிட்டுப் பற்ற வைத்தால் என்ன? அஸ்பெர்ஜில்லஸ் வித்து நுரையீரலில் நோய் செய்யும் என்பது மருத்துவம் நன்கு அறிந்தது. ஆஸ்துமா உள்ளவர்களும், உறுப்பு மாற்று, புற்றுநோய் மருந்து போன்றவற்றால் எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்களும் அதற்கு எளிதில் இலக்காவார்கள். தூரிகையால் அறைக்குள் தட்டும்போது பறப்பது அந்த வித்துதான். புகைப்பவர் தாமே தேர்ந்த கேட்டோடு நிற்கட்டும். பக்கத்து நாற்காலிக்காரருக்கு இதையும் சேர்த்துத் தர அவருக்கு உரிமையில்லை.

ஆகவே பெட்டி வைத்திருப்போருக்கு நான் சொல்வது சுருக்கம். வெள்ளை தெரிந்த சுருட்டை உடனே தனியே எடுங்கள். அடிமுனையில், உள் இலைக்குள் வெள்ளை இருந்தால் எறிந்துவிடுங்கள். பெட்டியைக் காலி செய்து, ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தோய்த்த துணியால் துடைத்து, மணம் போகும்வரை திறந்து காய விடுங்கள். ஒரு மூடியில் உப்பை நனைத்துக் குழைவாக்கி, ஹைக்ரோமீட்டரோடு காற்றுப் புகாத பைக்குள் ஓர் இரவு வையுங்கள். அது 75 காட்ட வேண்டும், காட்டாவிட்டால் எவ்வளவு பிசகு என்று குறித்துக்கொள்ளுங்கள். பிறகு ஈரப்பதத்தை 62-க்கும் 65-க்கும் நடுவே நிறுத்துங்கள். விலை கொடுத்து வாங்கிய பெட்டியைத் திறந்ததும் வெண்தூள் தெரிந்தால், ப்ளூம் என்ற விளக்கத்தை ஏற்காதீர்கள். சரக்கைத் திருப்பிக் கொடுத்துப் பணத்தைக் கேளுங்கள்.