முட்காடு தரிசு அல்ல



ஊட்டியிலிருந்து கல்லட்டி வழியாக மசினகுடிக்கு 36 கொண்டை ஊசி வளைவுகள். மேலே ஸ்வெட்டர், கீழே வியர்வை. ஆயிரம் மீட்டர் இறங்கினால் ஏறக்குறைய 6 டிகிரி வெப்பம் கூடும் என்று வகுப்பில் சொல்வேனே, அதுதான். தென்மேற்குப் பருவமழையை மலை மறித்துவிடுவதால் மாயாற்றுப் பள்ளத்தாக்கு வறண்டு, முட்காடாக இருக்கிறது. ஆனால் அங்கேதான் வெளிமான் மேய்கிறது. ஆற்றோர நீர்மருதில் பாறு கழுகு கூடு கட்டுகிறது.

"அந்தத் தரிசில் மரம் நடலாமா சார்?" என்று மாணவர் ஒருவர் கேட்டார். நானும் ஒருகாலத்தில் கரும்பலகையில் 'தரிசு' என்று எழுதியவன்தான். தப்பு, தம்பி. வெளிமானுக்கு வெட்டவெளி வேண்டும். உயரமும் சரிவும் மழையும் சேர்ந்து வளர்த்த காடு அது. மரக்கன்றை உங்கள் தெருவில் நடுங்கள். முட்காட்டை அப்படியே விட்டுவிடுங்கள்.