சலவைத் தொட்டியும் செபமும்

கோயிலில் முழந்தாளிட்டால்தான் செபம் என்று நம்மில் பலர் எண்ணுகிறோம். எனக்கு அதில் உடன்பாடில்லை.

லிசியே நகர்க் கார்மேல் மடத்தில் வாழ்ந்து, 1897-இல் 24 வயதிலேயே இறைவனடி சேர்ந்த சிறுமலர் தெரேசம்மாளை எண்ணிப் பாருங்கள். துணி துவைக்கையில் எதிரே நின்ற சகோதரி அழுக்குத் தண்ணீரை அவர் முகத்தில் தெறிக்கவிட்டுக்கொண்டே இருப்பாராம். பின்வாங்கி முகத்தைத் துடைக்கத்தான் முதலில் தோன்றியதாம். ஆனால் அதையே கிடைத்தற்கரிய செல்வமாக ஏற்று நின்றார். அவரையே 1997-இல் திருச்சபை மறைவல்லுநராக உயர்த்தியது!

இதைப் படித்ததும் எனக்கு வெட்கமாயிருந்தது. அன்று காலைதான் இட்லி ஆறிவிட்டதென்று அம்மாவிடம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டேன். அதற்குச் சற்று முன் உணவுச் செபத்தை ஒரு சொல் விடாமல் சொல்லியுமிருந்தேன்! இறைவனுக்கு நன்றி, அடுப்படியில் வெந்தவருக்குக் கோபம். இதுவா நன்றி? குணமான தொழுநோயாளர் பதின்மரில் திரும்பி வந்தவர் ஒருவரே என்கிறது லூக்கா நற்செய்தி. நானோ திரும்பாத ஒன்பதின்மரோடு சேர்ந்தவள்.

அன்று மாலை, யாரும் சொல்லாமலே பாத்திரங்களைத் துலக்கி வைத்தேன். அம்மா பதறிப்போய் என் நெற்றியைத் தொட்டுப் பார்த்து, "உடம்பு கிடம்பு சரியில்லையா, கண்ணு?" என்றார்.