மீன் என்ன சாப்பிட்டுச்சு?

ஒமேகா-3 வேணும்னா மீன் சாப்பிடுங்கன்னு எல்லாரும் சொல்றாங்க. அந்த மீன் என்ன சாப்பிட்டுச்சுன்னுதான் யாரும் கேட்கிறதில்ல.

நார்வே பண்ணை சால்மனின் தீவனத்தில் 1990-ல் சுமார் 90 சதவீதம் மீன்மாவும் மீன் எண்ணெயும்தான். 2013-ல் அது சுமார் 30 சதவீதம். மீதியில் பெரும்பகுதி சோயா, கடுகு இன எண்ணெய் போன்ற தாவரச் சரக்கு. கடலில் பிடிக்கிற சின்ன மீன்கள் மிச்சமாகுது, நல்லதுதான். ஆனா நமக்குத் தேவையான ஈபிஏ, டிஹெச்ஏ கொழுப்புகள் இந்தத் தாவர எண்ணெய்களில் கிடையாது.

இங்கேதான் கல்லீரல் வேலையைக் காட்டுது. எண்ணெய் மாறினதும் சால்மனின் கல்லீரல், அந்தக் கொழுப்புகளைத் தயாரிக்க உதவும் ஃபேட்ஸ்2 மரபணுவை முடுக்கிவிடுகிறது. காட் மீனிடமும் அதே மரபணு இருக்கு. ஆனா அதன் ஸ்விட்ச் பகுதியில் எஸ்பி1 புரதம் வந்து ஒட்டும் இடம் இல்லை. அதனால் அது பெரிசா அசைவதில்லை.

சால்மனாலேயே முழுசா ஈடுகட்ட முடியல. ஸ்காட்லாந்துப் பண்ணை சால்மனில் 2006-க்கும் 2015-க்கும் இடையில் இந்தக் கொழுப்புகள் ஏறக்குறைய பாதியாகிடுச்சு.

என் கருத்து இதுதான்: விலையை மட்டும் பார்த்துத் தீவனம் போடக்கூடாது, அந்த மீனின் கல்லீரலால் என்ன முடியும்னு பார்த்துப் போடணும். பாக்கெட்டில் ‘ஒமேகா-3 நிறைந்தது’ன்னு போட்டா போதாது. 100 கிராமில் எத்தனை மில்லிகிராம்னு அச்சடிக்கணும். காசு கொடுக்கிறவங்களுக்குத் தெரியணும்ல?