ஏட்டில் தேய்ந்தாலும் தோட்டத்தில் ஓடும்

பத்தாயிரம் ரூபாய்க்கு ஒரு புல்வெட்டும் இயந்திரம் வாங்கப்படுகிறது எனக் கொள்வோம். வருமான வரிக் கணக்கில் பொதுவான இயந்திரங்களுக்கு ஆண்டுத் தேய்மானம் 15 விழுக்காடு. குறைந்து செல் மதிப்பு முறைப்படி முதல் ஆண்டின் இறுதியில் அதன் ஏட்டு மதிப்பு 8,500 ரூபாய். ஐந்தாம் ஆண்டின் இறுதியில் ஏறத்தாழ 4,437 ரூபாய். வணிகவியல் பயின்ற நமக்கு இக்கணக்கின் மீது மிகுந்த மரியாதை உண்டு. ஆனால் புல்லுக்கு இக்கணக்கு தெரியாது. பிளேடு கூர்மையாக இருந்து, எஞ்சினும் ஓரிரு இழுப்பில் கிளம்பினால், ஐந்தாண்டு உழைத்த இயந்திரமும் புதியதைப் போலவே வெட்டும்.

தில்லி, சண்டிகர், பெங்களூரு போன்ற நகரங்களின் குடியிருப்புகளில் சொந்த இயந்திரத்துடன் வீடு வீடாகச் சென்று புல் வெட்டிப் பிழைப்போர் உண்டு. மழைக்காலமே அவர்களுக்கு வருமானக் காலம். அந்நேரத்தில் இயந்திரம் படுத்துவிட்டால் ஒவ்வொரு நாளும் இழப்புதான். அந்தப் பதற்றத்தில், புதியது வாங்கக் கடன் கேட்டு வங்கிப் படியேறத் தோன்றுவது இயல்பு. முத்ரா திட்டத்தின் சிசு பிரிவில் 50,000 ரூபாய் வரை பிணையின்றிக் கடன் பெற வழியுண்டு. கடன் வழங்குவதே நம் தொழில். ஆயினும் விண்ணப்பத்தை நீட்டும் முன், ‘ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிப் பார்த்தீர்களா?’ என்று கேட்பதும் வங்கியாளரின் வேலையே என்பது நம் கருத்து.

ஏனெனில், கிளம்ப மறுக்கும் மலிவு விலை இயந்திரங்களில் பெரும்பாலானவற்றுக்கு வந்திருப்பது பெரிய நோயன்று. தொட்டியில் பல வாரங்கள் கிடந்த பழைய பெட்ரோல், கார்பரேட்டரின் நுண்துளையில் பிசினாகப் படிந்திருக்கும். இப்போது நாம் வாங்கும் பெட்ரோலில் 20 விழுக்காடு வரை எத்தனால் கலந்திருக்கிறது. எத்தனால் காற்றின் ஈரத்தை ஈர்க்கும். ஆகவே பயன்படுத்தாத நாட்களில் தொட்டியை நிரப்பி வைப்பது சிறிய எஞ்சினுக்கு ஆகாது. பழைய எரிபொருளை வடித்து, கார்பரேட்டரின் அடிக்கிண்ணத்தைக் கழற்றித் துடைத்து, புதிய பெட்ரோல் ஊற்றினாலே பல எஞ்சின்கள் உயிர் பெறும். கரி படிந்த பிளக்கைக் கம்பித் தூரிகையால் தேய்க்கலாம். முனை தேய்ந்திருந்தால் புதியது மாட்டலாம். ஸ்பாஞ்சாலான ஏர் ஃபில்டரைச் சோப்பு நீரில் அலசி, நிழலில் உலர்த்தி, சில துளி எண்ணெய் தடவி மீண்டும் பொருத்தலாம்.

புல்லின் நுனி பழுப்பேறினால் உரத்தைக் குறை கூறுவதற்கு முன் பிளேடைப் பாருங்கள். மழுங்கிய பிளேடு புல்லை வெட்டாது, பிய்க்கும். அரத்தால் சாணை பிடிப்பது எளிது. ஆனால் இரு பக்கமும் சம எடையாக இருக்க வேண்டும். சுவரில் அடித்த ஓர் ஆணியில் பிளேடின் நடுத்துளையை மாட்டினால் கனமான பக்கம் தாழும். அப்பக்கத்தை இன்னும் சிறிது அராவினால் போதும். சமன் குலைந்த பிளேடு தரும் அதிர்வே நட்டுகளைத் தளர்த்தி, நாளடைவில் எஞ்சினையும் கெடுக்கிறது. இவ்வேலையில் இறங்கும் முன் ஸ்பார்க் பிளக்கின் மூடியைக் கட்டாயம் பிடுங்கிவிட வேண்டும். மின்சார இயந்திரமாயின் இணைப்பைத் துண்டிக்க வேண்டும். கைப்பிடியை விட்டவுடன் எஞ்சினை நிறுத்தும் பாதுகாப்புக் கம்பியைக் கயிற்றால் கட்டி வைக்கும் ‘சாமர்த்தியம்’ வேண்டவே வேண்டாம். அது சிக்கனத்தில் சேராது.

கணக்கியல் மொழியில் இவையெல்லாம் வருவாயினச் செலவுகள். புதிய இயந்திரம் முதலினச் செலவு. முன்னதைத் தவிர்த்தால் பின்னது விரைந்து வரும். அதுவும் இப்போது ‘வட்டியில்லாத் தவணை’ என்ற கவர்ச்சியோடு வருகிறது. வட்டியே இல்லாத தவணை என்ற ஒன்று கிடையாது என்பதை ரிசர்வ் வங்கி 2013-ஆம் ஆண்டிலேயே தெளிவுபடுத்தியது. அவ்வட்டி பெரும்பாலும் செயல்முறைக் கட்டணத்திலோ, கைவிடப்பட்ட தள்ளுபடியிலோ ஒளிந்திருக்கும்.

எல்லாப் பழுதையும் வீட்டிலேயே சரிசெய்துவிடலாம் என்று நாம் வாதிடவில்லை. கல்லில் மோதி கிராங்க் தண்டு வளைந்துவிட்டால் பெரும்பாலும் கதை முடிந்தது. பழுதுபார்க்கும் செலவு புதிய இயந்திரத்தின் விலையில் பாதியைத் தாண்டினால் நாமும் பழையதைக் கைவிடுவோம். நம்மை உறுத்துவது வேறொன்று: உதிரிபாகம் கிடைக்காத ஒரே காரணத்தால் நல்ல எஞ்சின் எடைக்குப் போவது. மத்திய அரசு 2022 டிசம்பரில் தொடங்கிய ‘பழுதுநீக்கும் உரிமை’ இணையதளம் வேளாண் கருவிகள், வீட்டு உபயோகச் சாதனங்கள், மின்னணுப் பொருட்கள், வாகனங்கள் ஆகிய நான்கு துறைகளை உள்ளடக்கியது. நல்ல தொடக்கம்தான். எனினும் தயாரிப்பாளர்கள் விரும்பித் தரும் தகவலோடு அது நின்றுவிடலாகாது. இத்தனை ஆண்டுகளுக்கு உதிரிபாகம் தருவோம் என்ற உறுதி விலைச்சீட்டின் அருகிலேயே அச்சிடப்பட வேண்டும்.

அதுவரை வாங்குபவர்தான் கேட்டுப் பெற வேண்டும். கடையில் விலையைப் பேசுவதற்கு முன் பிளேடு, ஏர் ஃபில்டர், ஸ்டார்ட்டர் கயிறு ஆகிய மூன்றும் தனியாகக் கிடைக்குமா, என்ன விலை என்று கேளுங்கள். விடை தெரியாத கடைக்காரரிடம் எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் அந்த இயந்திரம் வேண்டாம்.