ரிவால்வர் மக்கர் பண்ணாதாம்!

“பிஸ்டல் காலை வாரும். ரிவால்வர் ஒருநாளும் மக்கர் பண்ணாது.”

எத்தனை வருடமாக இந்த வரியைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன்! துப்பாக்கிக் கடைக்காரர் சொல்கிறார். சுடுதளத்தில் பக்கத்தில் நிற்பவர் சொல்கிறார். உரிமம் வாங்கியதிலிருந்து ஒரு பெட்டித் தோட்டாவைக்கூடத் தீர்க்காத எஸ்டேட் முதலாளி இன்னும் உறுதியாகச் சொல்கிறார். அமெரிக்கத் துப்பாக்கிப் பிரியர்களுக்கோ இது கிட்டத்தட்ட வேதவாக்கு. அண்மையில் ஒரு சுடுதல் கழகத்தின் ஆண்டு விழாவில், ஓய்வுபெற்ற அதிகாரி ஒருவர் இதையே தலைப்பாக வைத்து முக்கால் மணி நேரம் பேசினார். ரிவால்வருக்கு ஆறு தோட்டா, அவருக்கு ஆறு காரணம். ஒவ்வொன்றுக்கும் கைதட்டல்.

விஷயம் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. ரிவால்வரில் சுழலும் சிலிண்டருக்குள் பொதுவாக ஐந்தோ ஆறோ அறைகள் இருக்கும்; விசையை அழுத்த அழுத்த சிலிண்டர் சுழன்று அடுத்த அறை குழலுக்கு நேராக வரும். நான் இங்கே பிஸ்டல் என்று சொல்வது அரைத்தானியங்கியை. அதில் தோட்டாக்கள் கைப்பிடிக்குள் மேகசினில் இருக்கும். ஒன்று வெடித்ததும் அந்த உதைப்பிலேயே மேலே உள்ள ஸ்லைடு பின்னால் போய், காலித் தோட்டாவை வெளியே வீசிவிட்டு, திரும்பும்போது புதியதை உள்ளே தள்ளிவிடும். சண்டை இந்த இரண்டுக்கும் நடுவில்தான். இனி அதிகாரியின் காரணங்களுக்கு வருவோம்.

ஒன்று: “காலங்காலமாகப் போர்க்களத்தில் நின்று காட்டியது.”

நின்றது. சாமுவேல் கோல்ட் 1836இல் காப்புரிமை வாங்கியதிலிருந்து, வெள்ளைக்கார அதிகாரிகளின் இடுப்பில் வெப்ளி ரிவால்வர் தொங்கிய காலம் வரை நன்றாகவே நின்றது. வில்லும் அம்பும் அதைவிட நீண்ட காலம் நின்றன. ராணுவங்கள் ரிவால்வரை ஏன் கைவிட்டன என்பதைத்தான் அதிகாரி பேசியிருக்க வேண்டும்.

அமெரிக்க ராணுவம் 1911 மார்ச்சில் ஜான் பிரௌனிங் வடிவமைத்த .45 பிஸ்டலை ஏற்றுக்கொண்டது. அதற்கு முந்தைய சோதனையில் ஒரே துப்பாக்கியில் 6,000 தோட்டாக்களைச் சுட்டார்கள். சூடேறினால் தண்ணீரில் முக்கி எடுத்து மறுபடி சுட்டார்கள். போட்டிக்கு வந்த சாவேஜ் பிஸ்டல் 37 முறை தடுமாறியது. பிரௌனிங்கின் பிஸ்டல் ஒருமுறைகூடத் தடுமாறவில்லை. பிஸ்டல் காலை வாரும் என்று முழங்குபவர்கள் இந்தக் கணக்குக்கு இன்னும் பதில் சொல்லவில்லை. அதே ஆண்டு ஜூன் 17 அன்று மணியாச்சி ரயில் சந்திப்பில் வாஞ்சிநாதன் கலெக்டர் ஆஷ் துரையைச் சுட்டதும் பெல்ஜியத்தில் செய்த பிரௌனிங் தானியங்கி பிஸ்டலால்தான். காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்பது அப்போதே தெரிந்துவிட்டது.

“முதல் உலகப் போரில் அமெரிக்கா மூன்று லட்சம் ரிவால்வர் வாங்கவில்லையா?” என்று மடக்குவார்கள். வாங்கியது. கேட்ட அளவுக்குப் பிஸ்டல் செய்து தரத் தொழிற்சாலைகளால் முடியவில்லை, அதனால் வாங்கியது. அதிலும் பிஸ்டலின் தோட்டாவையே அரைவட்டத் தகட்டுக் கிளிப்பில் செருகிப் போட வேண்டியிருந்தது. கிடைக்காததற்குப் பதிலாக வாங்கியதையெல்லாம் நற்சான்றிதழாகக் கட்டித் தொங்கவிடலாமா? நம் ராணுவம் நெடுங்காலமாகக் கையில் வைத்திருப்பதும் இஷாப்பூரில் செய்த 9 மி.மீ. பிஸ்டல்தான். மேகசினில் 13 தோட்டா.

இரண்டு: “தோட்டா வெடிக்காவிட்டால் விசையை மறுபடி அழுத்தினால் போதும்.”

உண்மை. பிஸ்டலில் அதற்கு ஸ்லைடை ஒருமுறை இழுத்துவிட வேண்டும். இழுக்க ஆகும் அந்த ஒரு நொடிக்காக மற்ற எல்லாவற்றையும் விட்டுக்கொடுக்கச் சொல்கிறார்கள். அதைவிட, சில தோட்டாக்கள் அடித்தவுடன் வெடிக்காமல் சற்றுத் தாமதித்து வெடிக்கும். அதற்குள் விசையை மறுபடி அழுத்தியிருந்தால், அந்தத் தோட்டா குழலுக்கு நேராக இல்லாமல் பக்கவாட்டுக்கு நகர்ந்திருக்கும். அங்கே அது வெடித்தால் கையும் துப்பாக்கியும் என்ன ஆகும் என்பதை மேடையில் யாரும் சொல்வதில்லை.

மூன்று: “கோட்டுப் பாக்கெட்டுக்குள் வைத்தபடியே சுடலாம்.”

சென்னையில் மே மாதம் கோட்டுப் போட்டுக்கொண்டு நடமாடுபவர்கள் இதைக் கவனத்தில் கொள்ளவும்.

நான்கு: “ஆறில் முடியாதது அறுபதிலும் முடியாது.”

வசனம் நன்றாக இருக்கிறது. கலிபோர்னியாவில் நியூஹால் என்ற இடத்தில் 1970 ஏப்ரலில் நெடுஞ்சாலைக் காவலர்கள் நான்கு பேர் சில நிமிடங்களுக்குள் கொல்லப்பட்டார்கள். அவர்களில் ஒருவர் ரிவால்வரின் ஆறையும் சுட்டுத் தீர்த்துவிட்டு, காலியான சிலிண்டரில் ஒவ்வொரு தோட்டாவாகப் போட்டுக்கொண்டிருந்தபோது கொல்லப்பட்டார். ஒவ்வொன்றாக! பிஸ்டல்காரர் மேகசினை உருவிப் போட்டுவிட்டு இன்னொன்றைச் செருகிக்கொள்வார்.

அடுத்தது மயாமி, 1986 ஏப்ரல் 11. இரண்டு வங்கிக் கொள்ளையர்களை எதிர்த்து எஃப்பிஐ ஆட்கள் எட்டுப் பேர், பாதிக்கு மேல் ரிவால்வர்களோடு. இருவர் செத்தார்கள், ஐவர் காயம்பட்டார்கள். கையில் குண்டு பாய்ந்த அதிகாரி ஒருவரால் தன் ரிவால்வரில் மறுபடி தோட்டா நிரப்பவே முடியவில்லை. நல்ல கையோடு சுடுதளத்தில் நின்று நிரப்பிப் பாருங்கள், அதுவே சிரமம். நைந்துபோன விரல்களோடு எப்படி முடியும்? கடைசியில் கொள்ளையர்களைத் தீர்த்ததும் ஒரு ரிவால்வர்தானே என்று இதற்கும் பதில் வைத்திருப்பார்கள். ஆமாம், தீர்த்தது. அதற்குள் நடந்தவற்றையும் சேர்த்துத்தான் பெருமைப்பட வேண்டும். அந்தச் சண்டைக்குப் பிறகு எஃப்பிஐ பிஸ்டலுக்கு மாறிவிட்டது. நியூயார்க் காவல்துறை 1993இல் 9 மி.மீ. பிஸ்டலை அனுமதித்தது, 2018இல் மிச்சமிருந்த கடைசி ரிவால்வர்களையும் பணியிலிருந்து விலக்கிவிட்டது. தினமும் தெருவில் துப்பாக்கியோடு இறங்குபவர்களுக்கு இல்லாத ஞானம் ஆண்டு விழா மேடைக்கு மட்டும் எங்கிருந்து வந்ததோ!

ஐந்து: “எளிமையானது. பெண்களுக்கு ஏற்றது.”

இந்த அபத்தத்துக்கு அரசாங்கமே ஒருமுறை முத்திரை குத்தியது. 2012 டெல்லி கூட்டுப் பாலியல் வன்கொடுமைக்குப் பிறகு, 2014இல் கான்பூர் தொழிற்சாலையிலிருந்து ‘நிர்பீக்’ என்ற .32 ரிவால்வர் வந்தது. பெண்களுக்கான துப்பாக்கி என்று விளம்பரம். எடை அரைக் கிலோ. விலை அப்போதே ஒரு லட்சத்து இருபதாயிரத்துக்கும் மேல். எளிய வீட்டுப் பெண் எந்தச் சீட்டுப் பணத்தில் அதை வாங்குவாள் என்று யாரும் யோசிக்கவில்லை.

விலையை விடுங்கள். தோட்டாவை அடிக்கும் ஹாமரை முன்பே இழுத்து வைக்காமல் நேராகச் சுட்டால் ரிவால்வரின் விசையை இழுக்கப் பொதுவாக நான்கைந்து கிலோ அழுத்தம் வேண்டும், ஒவ்வொரு குண்டுக்கும். க்ளாக் போன்ற பிஸ்டலுக்கு இரண்டரைக் கிலோவே போதும். விரல் அவ்வளவு பலமாக இழுக்கும்போது குழல்முனை ஆடாமல் இருக்காது, குறி தப்பாமலும் இருக்காது. துப்பாக்கி எடை குறையக் குறைய உதைப்பு கூடும் என்பது பள்ளிக்கூடத்து இயற்பியல். விசை கனமாக, உடல் லேசாக, குழல் குட்டையாக ஒன்றைச் செய்து, சுட்டே பழகாதவர் கையில் கொடுத்துவிட்டு ‘எளிமை’ என்று பெயர் வைக்கிறார்கள். குட்டை ரிவால்வரைச் சரியாகச் சுடுவது தேர்ந்த கைகளுக்கே கடினம். இது பழகியவர்கள் எல்லோருக்கும் தெரியும். பழகாதவர்களுக்குத்தான் விற்கிறார்கள்.

ஆறு: “மக்கர் பண்ணாது.”

இதுதான் அசல் சரக்கு. முதல் ஐந்தும் இதற்கு முன்னால் ஊதிய நாதசுரம்.

பிஸ்டல் சிக்கும். காலித் தோட்டா முழுதாக வெளியே போகாமல் ஸ்லைடுக்கு நடுவில் நட்டுக்குத்தலாக நிற்கும். மேகசின் சரியாகச் செருகப்படாவிட்டால் அடுத்தது ஏறாது. ஆனால் பெரும்பாலான சிக்கலுக்கு வைத்தியம் இரண்டே வேலைதான்: மேகசினின் அடியில் ஒரு தட்டு, ஸ்லைடுக்கு ஒரு இழுப்பு. முதல் வாரப் பயிற்சியிலேயே இது கைக்கு வந்துவிடும். கருவி வேண்டாம், பழுதுபார்ப்பவர் வேண்டாம்.

இப்போது மக்கரே பண்ணாத ரிவால்வரை மேசைமேல் வைத்துத் திறந்து பாருங்கள். சிலிண்டரின் பின்பக்கம் நட்சத்திர வடிவில் ஒரு தகடு இருக்கிறது. தண்டை அழுத்தினால் அதுதான் எழும்பிக் காலித் தோட்டாக்களை வெளியே தள்ளும். முழுதாக எரியாத வெடிமருந்துத் துகள்கள் நாலைந்து அந்த நட்சத்திரத்தின் அடியில் போய் உட்கார்ந்துவிட்டால், அது மீண்டும் தன் இடத்தில் படியாது. மயிரிழை உயரம்தான். ஆனால் அந்த மயிரிழையில் சிலிண்டர் மூடாது, மூடினாலும் உரசும், உரசினால் விசை இறுகும், இறுதியில் நின்றே போகும். தட்டியும் சரியாகாது, இழுத்தும் சரியாகாது. திறந்து, தகட்டைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, பிரஷ்ஷால் துடைக்க வேண்டும். எதிரில் கத்தியோடு நிற்பவனிடம் “அண்ணே, ஒரு நிமிஷம்” என்று சொல்லிவிட்டுத் துடைக்கலாம்.

அதே நட்சத்திரத்தின் வேறொரு விளையாட்டு. பதற்றத்தில் தண்டை அரைகுறையாக அழுத்தினால், காலித் தோட்டா ஒன்றின் விளிம்பு நட்சத்திரத்துக்குக் கீழே நழுவி மாட்டிக்கொள்ளும். பிறகு அந்தத் துப்பாக்கி திறந்த வாயோடு கிடக்கும். நகத்தால் நோண்டியோ ஸ்க்ரூ டிரைவரால் நெம்பியோதான் எடுக்க வேண்டும்.

அந்தத் தண்டே மறை கழன்று நீண்டுகொண்டு, சிலிண்டரைத் திறக்கவிடாமல் பூட்டிவிடுவதும் உண்டு. ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் நிறுவனம் 1960களின் தொடக்கத்தில் அந்தத் தண்டின் மறையை இடப்பக்கத் திருகாக மாற்றியது இதைத் தவிர்க்கத்தான். மக்கர் பண்ணாத சாமானுக்கு எதற்கு இந்தத் திருத்தம்?

குண்டு தானாக நடந்து வருவதைப் பார்த்திருக்கிறீர்களா? லேசான ரிவால்வரில் வீரியமான தோட்டா போட்டால் பார்க்கலாம். சுடும்போது துப்பாக்கி வெடுக்கென்று பின்னால் உதைக்கும். இன்னும் வெடிக்காத தோட்டாக்களின் கோதுகள் அதோடு பின்னால் போகும். கனமான ஈயக்குண்டு நின்ற இடத்திலேயே நிற்கப் பார்க்கும். உதைக்கு உதை குண்டு கோதிலிருந்து இம்மி இம்மியாக முன்னால் பிதுங்கும். ஒருகட்டத்தில் அதன் மூக்கு சிலிண்டரின் முன்பக்கம் நீட்டிக்கொண்டு சட்டத்தில் இடிக்கும். சிலிண்டர் சுழலாது, விசை அசையாது. சிலிண்டரைத் திறந்து வெளியே தள்ளவும் அந்த மூக்கு விடாது. துப்பாக்கி என்ற பெயரில் கையில் இருப்பது ஒரு இரும்புக் கட்டி.

சிலிண்டருக்கும் குழலுக்கும் நடுவே உள்ள இடைவெளி பொதுவாக ஒரு மில்லிமீட்டரில் கால் பங்குக்குக்கூட வராது. ஈயமும் கரியும் அங்கே படிந்தால் மறுபடி உரசல். சுழற்றும் உறுப்பு தேய்ந்தால் அறை குழலுக்குச் சற்று விலகி நிற்கும். குண்டு ஈயத்தைச் சீவிக்கொண்டு போகும். சீவல் பக்கத்தில் நிற்பவர் கன்னத்தில் தெறிக்கும். பட்டவர்களைக் கேளுங்கள். பிஸ்டல் அடிக்கடி சிணுங்கும், உடனே சரியாகும். ரிவால்வர் அபூர்வமாகத்தான் நிற்கும் என்றே வைத்துக்கொள்வோம். நின்றால் அன்றைய சண்டை அதோடு முடிந்தது.

பிறகு எப்படி இந்தப் புகழ் வந்தது? நம் ஊரில் 9 மி.மீ.யும் .38உம் தடைசெய்யப்பட்ட வகை. தனியாருக்கு எட்டுவது பெரும்பாலும் .32தான். அரசுத் தொழிற்சாலை பழைய வெப்ளியைப் பார்த்துச் செய்த .32 ரிவால்வரும் கிடைக்கிறது, .32 பிஸ்டலும் கிடைக்கிறது. தோட்டா விலையோ கொள்ளை, வருடத்துக்கு இத்தனைதான் என்ற வரம்பு வேறு. அதனால் வாங்கியவர் சுடுவதில்லை. ஆயுத பூஜைக்குப் பொட்டு வைக்கிறார், தேர்தல் வந்தால் காவல் நிலையத்தில் ஒப்படைக்கிறார், திரும்ப வாங்கிப் பூட்டுகிறார். அலமாரியில் இருக்கும் குடை கிழிவதே இல்லை. பிஸ்டல்காரர் சுட்டுப் பழகுகிறார், அதனால் சிக்கலைப் பார்க்கிறார், பார்த்ததைச் சொல்கிறார். சுடாதவர் எதையும் பார்ப்பதில்லை. அவருடைய அறியாமை ரிவால்வரின் நற்பெயராகிவிட்டது.

சுடுங்கள். எதை வைத்திருக்கிறீர்களோ அதைச் சுடுங்கள். எது நிற்கிறது, எப்படி நிற்கிறது, எவ்வளவு நேரத்தில் மீள்கிறது என்று குறித்துவையுங்கள். பெரும்பாலோருக்கு விடை பிஸ்டல் என்றுதான் வரும். இனி யாராவது மேடையேறி ரிவால்வர் மக்கர் பண்ணாது என்று ஆரம்பித்தால், முன்வரிசையிலிருந்து ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: “ஐயா, போன வருஷம் அதில் எத்தனை தோட்டா சுட்டீங்க?”