கறுப்பு கவுன்

1953, பாரிஸ். மிஸ் ஹெப்பர்ன் வருகிறார் என்று சொன்னதும், 26 வயசு டிசைனர் ழிவான்ஷி, பெரிய நட்சத்திரம் காதரின் ஹெப்பர்ன் என்று எதிர்பார்த்துக் காத்திருந்தார். வந்து நின்றதோ ஒல்லிக்குச்சியாக ஆட்ரி ஹெப்பர்ன்! புதுசாகத் தைக்க நேரமில்லை என்று மனுஷர் கைவிரிக்க, ஏற்கெனவே தைத்து வைத்திருந்ததிலேயே எடுத்துப் போட்டுக்கொண்டார் ஆட்ரி. அளவெடுத்த மாதிரி பொருந்தியது.

அந்த 'சப்ரினா' படத்துக்கு 1955-ல் உடையலங்கார ஆஸ்கர். வாங்கியது ஈடித் ஹெட். ழிவான்ஷி பெயர் டைட்டிலிலேயே இல்லை! நானாயிருந்தால் வக்கீல் நோட்டீஸ்தான். அவரோ அடுத்தடுத்த படங்களுக்கும் தைத்துக் கொடுத்தார்.

நாற்பது வருஷ சிநேகம். 1993-ல் ஆட்ரியின் சவப்பெட்டியைச் சுமந்தவர்களில் அவரும் ஒருவர்.

'பிரேக்ஃபாஸ்ட் அட் டிஃபனீஸ்' (1961) படத்துக்காக அவர் தைத்த கறுப்பு கவுன் ஒன்று, 2006-ல் லண்டனில் 4,67,200 பவுண்டுக்கு ஏலம் போனது. பணம் போய்ச் சேர்ந்தது இந்திய ஏழைகளுக்கு உதவும் அறக்கட்டளைக்கு. ஸ்டைல் என்றால் இதுதான் ஸார்!

என் கல்யாணக் கோட்டும் பீரோவில் தொங்குகிறது. பட்டன் போடமுடியாதது இருக்கட்டும். தைத்தவர் பேரைக்கூட அன்றைக்கு நான் கேட்டுக்கொள்ளவில்லை.